துருப்பிடித்த வீட்டுக்கு ஒரு ரெசிப்ரோ சா

கோத்தகிரி பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ரிப்பேர் வேலை என்றால் அதில் முக்கால்வாசி, பழசைக் கழற்றுவதுதான். புதுசை மாட்டுவது சீக்கிரம் முடிந்துவிடும். பிடித்துக்கொண்டிருப்பதை எடுப்பதற்குள் பகல் போய்விடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும். மழை இல்லாத நாளில் மூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கூரைத் தகரத்தைப் பிடித்திருக்கும் ஜே போல்ட், கதவு நிலையைச் சுவரோடு கட்டியிருக்கும் ஹோல்ட்ஃபாஸ்ட், ரீப்பரில் அடித்த ஆணி, குளியலறைச் சுவரை ஒட்டி ஓடும் ஜிஐ பைப் என்று எல்லாமே துருவேறி ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கும். ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். கடப்பாரை போட்டு நெம்பினால் நல்ல மரமும் சேர்ந்து பிளக்கும்.

இதற்கெல்லாம் ஊரில் வழக்கமாகக் கூப்பிடுவது ஏஜி ஃபோர் கட்டிங் மிஷினை, அதாவது ஆங்கிள் கிரைண்டரைத்தான். அது நல்ல கருவி, குறை சொல்லவில்லை. ஆனால் அதன் சக்கரம் இரும்பில் பட்டதும் தீப்பொறி பறக்கும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் தகரத்துக்கும் பலகை சீலிங்குக்கும் நடுவே என்னென்ன இருக்கும் என்று ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சு, காய்ந்த புல், பல வருடத்து ஒட்டடை, தூசி. அந்த இடத்தில் தீப்பொறி போய் விழுந்தால் உடனே தெரியாது, வேலை முடித்து எல்லோரும் போன பிறகுதான் புகையும். நான் ரெசிப்ரோ சா தேட ஆரம்பித்ததற்கு முதல் காரணம் இந்தப் பயம்தான். நீளமான பிளேடு முன்னும் பின்னும் ஓடி அறுக்கும் மிஷின் இது. இரும்பை அறுத்தாலும் சூடான துகள்தான் கொட்டும், சக்கரம் போலப் பொறியை வாரி இறைக்காது. அதற்காகத் துகள் விழும் இடத்தைக் கூட்டாமல் விடக்கூடாது. கூட்டிவிட்டு, ஈரத்துணி ஒன்றையும் விரித்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

அமெரிக்காவில் மில்வாக்கி நிறுவனம் 1951இல் ஸாசால் என்ற பெயரில் இந்த மிஷினைக் கொண்டுவந்தது. அங்கே வீடு பிரிக்கிறவர்கள், பிளம்பர்கள், மின்வேலை செய்பவர்கள் கையில் இது இல்லாத நாள் கிடையாது. நம் ஊரில் வீட்டுக்கென்று வாங்குபவர்கள் இன்னும் குறைவு. அதனால் கடையில் கேட்டால் ஜிக்சாவை எடுத்துக் காட்டுகிறார்கள், அல்லது வாட்ஸ் எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், கோயம்புத்தூர் அதற்கும் அந்தப் பக்கம். மாற்றிக்கொண்டு வர இன்னொரு முறை மலை இறங்கி ஏற முடியாது என்பதால், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு போனேன்.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது பிரித்து எடுக்கும் வேலைக்கான மிஷின். நேர்த்தியாக, கோடு போட்டது போல அறுக்க இதை எதிர்பார்க்கக் கூடாது. பிளேடு வளையும், வெட்டு கொஞ்சம் சாயும். அலமாரி செய்யவோ கதவுப் பலகை வெட்டவோ வட்ட ரம்பமும் ஜிக்சாவும் இருக்கின்றன. கை நுழையாத இடத்தில், ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும் ஒன்றை, பக்கத்தில் இருப்பதற்குச் சேதமில்லாமல் அறுத்து எடுக்க வேண்டும் என்றால் இதற்கு நிகர் கிடையாது.

வாட்ஸ் கணக்கை ஏன் ஓரம் கட்டச் சொல்கிறேன் என்றால், வயர் வைத்த மிஷின்களில் வீட்டு வேலைக்கு ஏற்றவை பெரும்பாலும் 1,000 முதல் 1,200 வாட்டுக்குள் வந்துவிடும். மக்கிட்டா ஜேஆர்3050டி 1,010 வாட். போஷ் ஜிஎஸ்ஏ 1100 ஈ 1,100 வாட். இரண்டிலும் பிளேடு ஒரு முறை ஓடும் தூரம் 28 மில்லிமீட்டர்தான். கையில் பிடித்து அறுக்கும்போது அந்த 90 வாட் வித்தியாசம் தெரியாது. பிளேடு ஓடும் தூரம்தான் தெரியும். இதை ஸ்ட்ரோக் என்பார்கள். 28 முதல் 32 மில்லிமீட்டர் இருந்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் அதிகப் பற்கள் வேலை செய்யும், துகளும் வெளியே வந்துவிடும், கனமான கட்டை சீக்கிரம் அறுபடும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன மிஷின்களில் பெரும்பாலும் இதில் பாதிதான் இருக்கும். அவை ஒரு கையில் அடங்கும், ஏணி மேல் நின்று ஒரு பைப்பை நறுக்க வசதி. ஆனால் நாலு அங்குலக் கட்டையில் விட்டால் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். ஒரே ஒரு மிஷின்தான் வாங்கப்போகிறேன் என்பவர் பெரியதை வாங்குவதே சரி.

அதற்கு அடுத்தது டிரிக்கர். அழுத்தும் அளவுக்கு ஏற்ப வேகம் ஏற வேண்டும். நிமிடத்துக்குப் பூஜ்யம் முதல் 2,700 அல்லது 2,800 ஓட்டம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்தப் பூஜ்யம்தான் முக்கியம். மெதுவாகத் தொடங்க முடியாத மிஷினில் பிளேடு இரும்பின் மேல் துள்ளி நழுவும், பல்லும் போகும். கடையில் பிளக்கில் மாட்டச் சொல்லி, விரலை மெல்ல மெல்ல அழுத்திப் பாருங்கள். எறும்பு ஊர்வது போலத் தொடங்கி ஏற வேண்டும். மாட்டிக் காட்ட மாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

எடையையும் தூக்கிப் பாருங்கள். மூன்றேகால் கிலோ, மூன்றரைக் கிலோ என்பது பெட்டியில் படிக்க ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கி, உத்திரத்துக்கு அடியில் பிடித்தால் அப்போது தெரியும். முன்பக்கம் ரொம்பக் கனமாக இருக்கிறதா, முன்பிடியில் ரப்பர் உறை இருக்கிறதா, கையுறை போட்டுக்கொண்டு டிரிக்கரில் விரல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பிளேடு மாற்ற ஆலன் கீ கேட்கும் மிஷினை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வளையத்தைத் திருகினால் பிளேடு கழன்று வர வேண்டும். இரும்பு, மரம், ஆணி அடித்த மரம் என்று ஒரே வேலையில் பிளேடு மாறிக்கொண்டே இருக்கும். சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பிளேடைத் தலைகீழாக, பல் மேலே பார்க்க மாட்ட முடிகிறதா என்றும் கேளுங்கள். சுவரையோ தரையையோ ஒட்டி அறுக்கும்போது அது கைகொடுக்கும்.

முன்னால் இருக்கும் அந்த உலோகத் தட்டு, ஷூ என்பார்கள், அது முன்னும் பின்னும் நகர்கிற மாதிரி இருந்தால் கூடுதல் லாபம். பெரும்பாலும் பிளேடில் ஒரே இடத்துப் பற்கள்தான் தேயும். ஷூவை ஒரு படி முன்னால் தள்ளி வைத்தால் தேயாத பற்கள் வேலைக்கு வரும். ஒரே பிளேடு இன்னொரு சுற்று உழைக்கும். ஆர்பிட்டல் என்று ஒரு வசதி சில மிஷின்களில் உண்டு, பிளேடு லேசாக மேலும் கீழும் சேர்ந்து ஆடும். மரத்துக்கு அது வேகம் கொடுக்கும், இரும்புக்கு அதை நிறுத்திவிட வேண்டும். இல்லை என்றாலும் வீட்டு வேலைக்குக் குறை ஒன்றும் இல்லை.

வயரா, பேட்டரியா? இதில் மலைவாசிகளுக்கு என்று தனிக் கணக்கு இருக்கிறது. காற்றடித்து மரம் லைனில் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தோட்டத்து வேலியும் கேட்டும் வீட்டிலிருந்து தூரம். காட்டெருமை உரசி வளைத்துவிட்டுப் போன கேட் கம்பத்தை அறுக்க எவ்வளவு வயர் இழுப்பது? இப்படிப்பட்ட வேலை அதிகம் என்றால் 18 வோல்ட் பேட்டரி மிஷின் நல்லது. ஆனால் இது பேட்டரியை உறிஞ்சும் கருவி. 2 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி போதாது, 4 அல்லது 5 ஏஹெச் வேண்டும், அதுவும் இரண்டாவது ஒன்று சார்ஜில் இருந்தால்தான் வேலை நிற்காமல் போகும். ஏற்கெனவே உங்களிடம் டிரில்லிங் மிஷின் எந்தக் கம்பெனியில் இருக்கிறதோ, அதே பேட்டரி பொருந்தும் மிஷினாக வாங்கினால் செலவு பெரிதும் குறையும். ஊட்டி, தலைகுந்தா பக்கம் இருப்பவர்கள் டிசம்பர், ஜனவரி உறைபனியில் பேட்டரியை வெளியே ஷெட்டில் விட்டுவிட்டு, விடிந்ததும் அப்படியே சார்ஜரில் போடக் கூடாது. லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெடும். வீட்டுக்குள் கொண்டுவந்து கொஞ்ச நேரம் வைத்து, குளிர் விட்ட பிறகு சார்ஜ் போடுங்கள்.

நான் வயர் வைத்ததைத்தான் எடுத்தேன். என் வேலை முழுக்க வீட்டைச் சுற்றியே. 1,100 வாட் மிஷின் 5 ஆம்பியருக்குள்தான் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் போதும். எக்ஸ்டென்ஷன் வயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 1.5 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறைந்தது கூடாது, தூரம் முப்பது மீட்டர் போல இருந்தால் 2.5 எடுங்கள். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் வோல்டேஜ் ஏற்கெனவே தளர்ந்துதான் வரும். மெல்லிய வயர் மிச்சத்தையும் தின்றுவிட்டால் மோட்டார் திணறிச் சூடாகும். உருளையில் சுற்றிய வயராக இருந்தால் முழுவதும் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். தரை ஈரமாக இருக்கும் ஊரில் மின்கசிவு வந்தால் தானே அணைந்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத லைனில் வெளிவேலைக்கு மிஷின் மாட்டவே கூடாது.

இப்போது பிளேடு. மிஷினுக்கு யோசிப்பதைவிட இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். நல்ல மிஷினில் தவறான பிளேடு மாட்டினால் வேலை ஓடாது. சாதாரண மிஷினில் சரியான பிளேடு மாட்டினால் ஓடும். பிளேடின் வால் பகுதி ஏறக்குறைய எல்லாக் கம்பெனியிலும் ஒரே அளவுதான், அதனால் எந்தக் கம்பெனி பிளேடையும் எதிலும் மாட்டலாம்.

அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதுதான் முதல் கணக்கு. வெறும் மரத்துக்கு 5 முதல் 8 பல். ஆணி இருக்கும் மரத்துக்கு, அதாவது எங்கள் ஊரில் ஏறக்குறைய எல்லா மரத்துக்கும், 10 முதல் 14 பல். பைப், போல்ட்டுக்கு 14 முதல் 18. மெல்லிய இரும்புக்கு 24. எப்போதும் அறுபடும் பொருளின் தடிமனில் குறைந்தது மூன்று பல்லாவது ஒரே நேரத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது பழைய ஆக்சா பிளேடு காலத்து விதி, இதற்கும் அதுதான். ஜிஐ பைப்பில் மஞ்சள் பட்டை ஏ கிளாஸ், நீலம் பி கிளாஸ், சிவப்பு சி கிளாஸ். அரை அங்குல பி கிளாஸ் பைப்பின் சுவர் 2.6 மில்லிமீட்டர். 18 பல் பிளேடில் பல்லுக்குப் பல் இடைவெளி 1.4 மில்லிமீட்டர். நேராகக் கணக்குப் போட்டால் இரண்டு பல்தான் பதிகிறது, ஆனால் பைப்பின் வளைவில் பிளேடு சாய்வாக இறங்குவதால் அது போதுமானதாகிவிடும். 8 பல் மர பிளேடை மாட்டிக்கொண்டு அதே பைப்பில் வைத்தால் பல் மாட்டி உடையும், மிஷின் கையை உதறும்.

பைமெட்டல் என்று எழுதியிருக்கும் பிளேடாகவே வாங்குங்கள். வளைகிற எஃகு உடம்பு, அதன் விளிம்பில் ஹைஸ்பீடு ஸ்டீல் பல். வெறும் கார்பன் ஸ்டீல் பிளேடு விலை குறைவு, ஒரு ஆணி பட்டதும் முடிந்தது. துருவேறிய தடித்த போல்ட்டும் வார்ப்பிரும்பும் அதிகம் என்றால் கார்பைடு முனை வைத்த பிளேடு உண்டு. விலை அதிகம், ஆனால் பைமெட்டலைவிட நெடுநாள் உழைக்கும்.

நீளத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. அறுக்க வேண்டிய தடிமன், அதோடு ஸ்ட்ரோக், அதோடு ஒரு அங்குலம். மூன்று அங்குலக் கட்டை என்றால் 75, அதோடு 28, அதோடு 25, மொத்தம் 128. ஆக, 150 மில்லிமீட்டர் பிளேடு. இதைவிடக் குட்டையாக இருந்தால் பிளேடு பின்னே வரும்போது அதன் நுனி வெட்டுக்குள்ளேயே வந்துவிடும், திரும்ப முன்னே போகும்போது கட்டையில் முட்டி மிஷின் எகிறும். தேவைக்கு மேல் ரொம்ப நீளமாக இருந்தால் நுனி ஆடும், பின்னால் இருக்கும் சுவரில் இடித்து வளையும். வீட்டில் 150, 225 இரண்டும் இருந்தால் ஏறக்குறைய எல்லா வேலையும் ஓடிவிடும்.

விறகுக் கொட்டகையின் கூரையைப் பிரித்தபோது இதெல்லாம் கையில் புரிந்தது. தகரத்தின் மேலே நட்டு, தார் வாஷர். கீழே பைப்பைச் சுற்றிக் கொக்கி போட்டு வளைந்த 8 மில்லிமீட்டர் ஜே போல்ட். நட்டு எதுவும் திரும்பவில்லை. எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் வயதான ஆசாரிதான் உள்ளேயிருந்து அறுக்கச் சொன்னார். தகரத்தின் மேட்டுக்கும் பைப்புக்கும் நடுவே போல்ட்டின் தண்டு ஒன்றரை அங்குலம் போலத் தெரியும். 225 பைமெட்டல் பிளேடு, 18 பல், அந்தச் சந்தில் படுக்கையாக நுழைந்தது.

"தம்பி, அந்தத் தட்டை பைப்பு மேல நல்லா ஒட்ட வெச்சுக்கோங்க. காத்துல நின்னு அறுத்தீங்கன்னா மிஷின்தான் உங்களை ஆட்டும்."

"அழுத்தணுங்களாண்ணா?"

"மொதல்ல விரலை லேசா விடுங்க. பல்லு எடம் புடிக்கட்டும். அப்புறம் மிஷின் கனமே போதும்."

முதலில் துரு செம்பொடியாக உதிர்ந்தது. பிறகு சத்தம் மாறியது. கரகரப்பு போய் ஒரே சீரான ரீங்காரம். உள்ளே வெள்ளை இரும்பு தெரிந்தது. பிளேடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் புகை கொஞ்சம் வந்து அடங்கியது. நாலைந்து மூச்சு விடுவதற்குள் கொக்கி அறுந்து கீழே விழுந்தது. தகரம் ஓட்டை பெரிதாகாமல், வளையாமல் அப்படியே கையில் வந்தது. அதே தகரங்கள்தான் இப்போது ஆட்டுக்கொட்டகை மேல் இருக்கின்றன. கொக்கி விழும் என்பதால் கீழே யாரும் நிற்கக் கூடாது. அண்ணாந்து அறுக்கும்போது கண்ணாடி இல்லாமல் மிஷினைத் தொடவே கூடாது.

போல்ட்டைத்தான் இதில் அறுக்கச் சொல்கிறேன், தகரத்தை அல்ல. மெல்லிய தகரம் பிளேடோடு சேர்ந்து அடித்துக்கொள்ளும், விளிம்பு கிழியும். அதற்குத் தகரக் கத்தரிதான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கூரையாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை. அந்த ஷீட்டில் எந்தப் பவர் ரம்பமும் படக் கூடாது. அறுத்தால் பறக்கும் நார்த் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும், புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஷீட்டைத் தண்ணீர் விட்டு நனைத்து, போல்ட்டை மட்டும் அறுத்து, முழு ஷீட்டாக இறக்குங்கள். பழைய பெயின்ட் அடித்த ஜன்னல், கதவுக்கும் இதே மாதிரி ஜாக்கிரதை வேண்டும். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு என்95 முகக்கவசம் போட்டு, குழந்தைகளைத் தள்ளி இருக்கச் சொல்லி, தூசியை ஈரத்துணியால் துடையுங்கள்.

கதவு நிலையின் அடிப்பகுதி உளுத்துப்போவது இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. முழு நிலையையும் பெயர்த்தால் சுவர்ப் பூச்சும் கூடவே வரும். உளுத்த இடத்துக்கு மேலே ஒரு சாண் நல்ல மரம் வரை போய், சாய்வாக ஒரு வெட்டு. பிறகு நிலைக்கும் சுவருக்கும் நடுவே இரும்பு பிளேடை விட்டு அங்கே இருக்கும் ஹோல்ட்ஃபாஸ்டை அறுத்தால் கெட்ட துண்டு மட்டும் தனியாக வந்துவிடும். அதே சாய்வில் புதுத் துண்டு செய்து ஒட்டி ஸ்க்ரூ போடலாம். அந்தச் சந்தில் பிளேடு காரையில் உரசினால் பல் சீக்கிரம் போகும். அதனால் புது பிளேடை அங்கே விடாமல், பாதி தேய்ந்த ஒன்றை இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். சுவருக்குள் விடும் முன் மெயினை அணைத்துவிட வேண்டும். பழைய வீடுகளில் வயர் எந்த வழியாகப் போகிறது என்று கட்டியவரைத் தவிர யாருக்கும் தெரியாது, அவரும் இப்போது இருக்க மாட்டார்.

தோட்டத்துக் கிளைகளுக்கும் இது உதவும். போஷ் எஸ் 1531 எல் போன்ற 240 மில்லிமீட்டர் பச்சைமர பிளேடு மாட்டினால் மணிக்கட்டு கனமுள்ள சீகை (வாட்டில்) மரக் கிளை சுலபமாகப் போகும். மரத்தையே சாய்க்கும் எண்ணம் இருந்தால் முதலில் அனுமதி. 1955ஆம் வருடத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நீலகிரிக்குப் பொருந்தும். சொந்தப் பட்டா நிலத்து மரமாக இருந்தாலும் விருப்பப்படி வெட்ட முடியாது. பெரிய கிளை என்றாலும் வனத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே பிளேடை வைக்கிறேன்.

வாங்கின பிறகு மிஷினைவிட பிளேடைத்தான் ஈரம் முதலில் தின்னும். வேலை முடிந்ததும் மரப்பிசினைத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு போட்டுவையுங்கள். பிளேடு மாட்டும் வளையத்திலும் மழைக்காலத்தில் துரு பிடித்து இறுகிக்கொள்ளும், அதில் மாதம் ஒரு முறை ஒரு சொட்டு எண்ணெய். மிஷினைத் தரையில் வைக்காமல் அலமாரியில், அடுப்படிச் சுவரை ஒட்டிய பக்கமாக வைத்தால் நல்லது. மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் வெளியிலிருந்தே மாற்றுகிற மாதிரி இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்து, ஒரு ஜோடி அப்போதே சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு சர்வீஸ் என்றால் கோயம்புத்தூர்தான். இருபது நிமிடத்தில் மாற்றக்கூடிய பிரஷுக்காக மிஷினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதில்லை.